54 கிணறுகளும் ஒரு மஞ்சள் கறையும்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு மேற்கே, ஒரு பக்கம் ரப்பரும் மறுபக்கம் வாழையுமாகச் சரிந்து இறங்கும் நிலத்தில் இருக்கிறது. பாட்டா காலத்தில் வெட்டுக்கல்லைக் குடைந்து எடுத்த கிணறு 38 அடி ஆழம். மூன்று தலைமுறை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தது. ஒரு கோடையில் அது வாளி முங்காத அளவுக்கு வற்றியபோது, வேறு வழியில்லாமல் ஆழ்துளைக் கிணறு போட்டோம். இரவு எட்டு மணிக்கு வந்த ரிக் வண்டி விடியற்காலையில்தான் போனது. 42 அடி வரை, துளை இடிந்து விழாமல் தாங்கும் கேசிங் பைப் இறங்கியது. அதற்குக் கீழே 260 அடி வரை சாம்பல் நிறக் கருங்கல் பொடிதான் புகையாகப் பறந்தது. மறுநாள் மோட்டாரைப் போட்டு முதல் தண்ணீரை டம்ளரில் பிடித்தபோது என் மனைவி கேட்டதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது: "பழைய கெணறு நமக்குத் தெரிஞ்ச தண்ணி. இது பாறைக்குள்ள எத்தன வருசமாக் கெடந்ததோ, என்னத்தயெல்லாம் கரைச்சு வச்சிருக்கோ?"

மேல்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உப்பு, கடினத்தன்மை, இரும்பு ஆகியவை நாக்கிலோ, துணியிலோ, பாத்திரத்திலோ தம்மைக் காட்டிவிடும். சித்த மருத்துவம் எண்ணி எண்ணிக் கையாளும் வெள்ளைப் பாஷாணத்தில் இருக்கும் ஆர்சனிக்குக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பல ஆண்டுகள் குடித்த பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துப் புள்ளிகள் எழும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது. தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் அதற்கும் பிந்தி வருபவை. உலக சுகாதார நிறுவனமும் இந்திய தர நிர்ணயமும் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர்கள் சட்டைப் பையில் செருகியிருக்கும், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா ஒரு மில்லிகிராமுக்குக் குறைந்த வேறுபாட்டைக் காட்டாது. நாம் தேடுவது அதில் நூறில் ஒரு பங்கு என்பதால், அந்தப் பேனா "நல்ல தண்ணி" என்று சொல்வதற்கு இந்த விஷயத்தில் எந்தப் பொருளும் இல்லை.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன், 2020ஆம் ஆண்டில் வெளிவந்த உலக வரைபடம் ஒன்றைப் பற்றிச் சொன்னான். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்தடி நீர் அளவீடுகளைப் பாறை, மண், மழை, வெப்பம், நிலத்தின் சாய்வு போன்ற விவரங்களோடு பொருத்தி, எந்த இடத்தில் 10 மைக்ரோகிராமைத் தாண்ட வாய்ப்பு அதிகம் என்று சதுர கிலோமீட்டர் வாரியாகக் கணித்திருந்தார்கள், உலகில் 9.4 கோடி முதல் 22 கோடிப் பேர் வரை இந்த ஆபத்துக்கு உட்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவிலும் 2017இல், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளின் முடிவுகளைக் கொண்டு, வீட்டுக் கிணற்றை நம்பியிருப்போரில் சுமார் 21 லட்சம் பேர் இந்த அளவுக்கு மேற்பட்ட தண்ணீரைக் குடிக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். படித்ததும் நம் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு கணிப்பு செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரு சதுர கிலோமீட்டர் என்பது எங்கள் பகுதியில் ஆளுக்கொரு கிணறாக நூற்றுக்கணக்கான கிணறுகள் அடங்கிய பரப்பு. வங்கதேசத்தின் அரைஹாசார் பகுதியில் 25 சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 6000 குழாய்க் கிணறுகளைச் சோதித்தபோது, மிக அருகருகே இருந்த கிணறுகள்கூட ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டிருந்தன. ஆகவே பெரிய வரைபடத்தின் ஒரு கட்டம் எந்த நிறத்தில் இருந்தாலும், அது என் வீட்டுக் கிணற்றுக்குப் பதில் ஆகாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏழு மாதங்களில் 54 கிணறுகள் சேர்ந்தன: வெட்டிய கிணறு 31, ஆழ்துளைக் கிணறு 19, அடிபம்பு 4. ஒவ்வொன்றுக்கும் ஆழம், நீர்மட்டம், அமிலகாரக் குறியீடான பிஎச், சுற்றியுள்ள மண் ஆகியவற்றைக் குறித்தேன். உறைக் கிணறானால் உறைகளின் எண்ணிக்கையும் எழுதினேன். ஆழத்தை உரிமையாளர் வாயால் கேட்டு எழுதுவது வீண் என்பது மூன்றாவது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. ஒரே ஆழ்துளைக் கிணற்றுக்குத் தகப்பனார் 180 அடி என்றார், மகன் 240 என்றான். வெட்டிய கிணறுகளைக் கயிற்றில் கல்லைக் கட்டி நானே அளந்தேன். ஆழ்துளைக் கிணறுகளில் மொத்த ஆழத்தைவிட நம்பகமான ஒரு கேள்வி அகப்பட்டது: கேசிங் பைப் எத்தனை அடி? அடிக் கணக்கில் தனியாகப் பணம் கொடுத்திருப்பார்கள் என்பதால் அது யாருக்கும் மறப்பதில்லை. மேலே உதிர்ந்து கிடக்கும் மண்ணும் சிதைந்த பாறையும் எவ்வளவு தடிமன், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த ஓர் எண் ஏறக்குறையச் சொல்லிவிடும்.

அடுத்த வீட்டு ஆச்சி மட்டும் நான் பிஎச் மீட்டரை வாளிக்குள் விட்டதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சார், இந்தத் தண்ணியில என்னத்தப் பாக்கப் போறிய? எம்பது வருசமாக் குடிச்சிட்டுதான் இருக்கேன்." அந்த வாளியில் பிஎச் 5.6. வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் இப்படிப் புளிப்புப் பக்கம் சாய்ந்திருப்பது எங்கள் பகுதிக்கும் அண்டைக் கேரளத்துக்கும் பொதுவானது.

எந்தக் கிணற்றில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்ல, முதல் மதிப்பெண் முறையை நான் போட்டது இந்த ஆச்சியின் கிணற்றைப் பற்றி எதுவும் யோசிக்காமல்தான். கங்கை டெல்டாவைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அங்கே இமயமலையிலிருந்து வந்த வண்டலில், துகள்களின் மேல் பூசினாற்போல் இருக்கும் இரும்பு ஆக்சைடில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த செடிகொடிக் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அடுத்து அவை இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. இரும்போடு ஆர்சனிக்கும் தண்ணீருக்குள் வருகிறது. ஆகையால் அங்கே இரும்பு மிகுந்த தண்ணீர் என்றாலே கொஞ்சம் சந்தேகப்பட இடமுண்டு. நானும் இரும்புக்கு அதிக மதிப்பெண் கொடுத்து, செம்மை படிந்த கிணறுகளை எல்லாம் பட்டியலின் உச்சியில் வைத்தேன். 54இல் 22 கிணறுகள் சிவப்புப் பேனாவில் வந்தன. கல்குளத்துக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில் பாதி ஊரை ஆபத்துப் பட்டியலில் எழுதிவிட்டு, ஒரு நாள் முழுக்க அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிழை எங்கே என்று காட்டிக் கொடுத்தது பால் ஊற்றாத கட்டன் சாயா. இரும்புத் தண்ணீரில் சாயா போட்டால், தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். இதை எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் அறிவார்கள். என் பட்டியலில் உச்சியில் இருந்த ஒரு வெட்டுக்கிணற்றின் தண்ணீரில் அந்த வீட்டு அம்மா சாயா போட்டுக் கொடுத்தார். அது பளிச்சென்று செந்நிறத்தில் இருந்தது. அப்படியானால் அந்தக் கிணற்றின் சிவப்பு கரைந்த இரும்பு அல்ல, செம்மண் துகள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மாதிரியையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி மணிக்கணக்கில் பார்த்தேன். எடுக்கும்போதே கலங்கிச் சிவந்திருந்தவை அடியில் படிந்து மேலே தெளிந்தன. அவை துகளோ பைப்பின் துருவோதான். எடுக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே மெல்லிய ஆடை கட்டி, பிறகு மஞ்சளாகிச் சிவந்தவை வேறு வகை. காற்றுப் படாத இடத்திலிருந்து கரைந்த இரும்பைச் சுமந்து வந்த தண்ணீர் அதுதான். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது 22 என்பது 11 ஆகச் சுருங்கியது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் நான் தலைகீழாக எழுதியிருந்தேன். காற்று உலவும், பிஎச் குறைந்த தண்ணீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட்டாக இருக்கும்; எதிர்மின்னூட்டமுள்ள அந்த அயனியை இரும்பு ஆக்சைடு இறுகப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக்கல் என்பதே பெரும்பாலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் கட்டி. டெல்டாவில் ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும் அதே இரும்பு, ஆச்சியின் கிணற்றுச் சுவரில் அதைக் கட்டிப்போடுகிற பொருளாக இருக்கிறது. பிஎச் சுமார் 8.5ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் அற்றுப்போனாலோ அந்தப் பிடி தளரும். ஆகவே ஆச்சியின் 5.6க்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஆழ்துளைக் கிணறுகளில் 8க்கு மேல் காட்டிய மூன்றுக்குக் கூட்டினேன்.

பாறைக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்கினேன். கெட்டிப் பாறை நாட்டிலும் ஆர்சனிக் வந்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ் பகுதியும், கர்நாடகத்தில் தங்கச் சுரங்கப் பாறைகள் ஓடும் ராய்ச்சூர், யாத்கிர் பகுதிகளும் அதற்குச் சான்று. ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் பாறை வெடிப்பில் காற்றும் நீரும் படச் சிதையும்போது அது வெளிவருகிறது. எங்கள் மாவட்டத்தின் அடியில் பெரும்பாலும் கிடப்பது சார்னகைட்டும் கார்னட் கலந்த நைஸ் பாறையும். அது அந்தத் தங்கச் சுரங்கப் பாறைகளைப் போன்றதல்ல. ஆனாலும் ரிக் வண்டி கக்கிய பொடியில் பித்தளை போல மினுங்கும் துகள் ஏதாவது இருந்ததா என்று எல்லோரிடமும் கேட்டேன். இருவர் இருந்தது என்றார்கள். ஒருவர் அதைத் தங்கம் என்று நம்பிப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். லென்ஸில் பார்த்தால் மைக்கா. கடலோரத்தில் வேறு விதமான குழப்பம்: மணவாளக்குறிச்சி மணலைச் சுட்டிக்காட்டி, அதில் இருப்பது இதுதானா என்று பலர் கேட்டார்கள். அந்த மணலின் மோனசைட்டில் இருப்பது தோரியம். அது கதிரியக்கப் பிரச்சினை, ஆர்சனிக்கோடு அதைக் கலக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் விளக்கவேண்டியிருந்தது.

ஒவ்வொரு கிணற்றின் மதிப்பெண்ணையும் சோதனைக்கு முன்பே எழுதித் தேதியிட்டு, கடித உறையில் போட்டு ஒட்டி வைத்தேன். முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தும் ஆசை எனக்கும் வரும் என்று தெரியும்.

சோதனைப் பெட்டி பழைய குட்சைட் முறையில் வேலை செய்வது. குப்பியில் குறித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அமிலப் பொடியைப் போட்டு, அடுத்ததாகச் சல்பைடை அழிக்கும் பொடியைப் போட்டு, கடைசியாகத் துத்தநாகத் தூளைக் கொட்டி உடனே மூடவேண்டும். நுரைத்தெழும் ஹைட்ரஜனோடு ஆர்சனிக் ஆர்சின் வாயுவாக மேலே வந்து, மூடியில் செருகியிருக்கும் மெர்க்குரிக் புரோமைடு தாளை மஞ்சளாக்கும். அளவு கூடக் கூடப் பழுப்பாகும். ஆர்சின் கொடிய நச்சு என்பதால் எல்லாச் சோதனைகளையும் திறந்த முற்றத்தில், காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று செய்தேன். தாளில் நேர் வெயில் படக்கூடாது. பூஜ்யத்துக்கும் பத்துக்கும் உள்ள நிற வேறுபாடு பாலில் ஒரு துளி மஞ்சள் கலந்ததைப் போன்றது. என் 61 வயதுக் கண்ணை மட்டும் நம்பாமல், மனைவியையும் தனியாகப் பார்க்கச் சொல்லி இருவர் சொன்னதையும் எழுதினேன்.

52 கிணறுகளில் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒன்றில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மறுமுறை அதுவும் வெள்ளை. மீதி ஒன்று, மணக்குடிக் காயலுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டு அடிபம்பு. 28 அடி, கீழே கறுத்த சேறு, பம்பை அடித்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம். என் மதிப்பெண்ணில் 54இல் அதுதான் முதலிடம். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திருப்பினால் தாளில் தெளிவான மஞ்சள் வட்டம், நடுவில் பழுப்பு. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கவலை அல்ல, மகிழ்ச்சி. என் கணிப்பு பலித்துவிட்டதே என்ற மகிழ்ச்சி. அந்த வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமையலுக்கும் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். "சார் சொல்லிட்டியல்லா, இனி தொட மாட்டோம்" என்றார் அந்த அம்மா.

அதையும் சேர்த்து 12 மாதிரிகளைக் கன உலோகம் அளக்கும் வசதியுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இதிலும் ஒரு சறுக்கல். இரும்புள்ள மாதிரியை எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு குப்பிக்குள்ளேயே படிந்து, ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும், மேல் தண்ணீர் சுத்தமாகத் தெரியும். அன்று அமிலக் குப்பியை வீட்டில் விட்டுவிட்டு, "சாயங்காலம் விட்டுக்கொள்ளலாம்" என்று ஏழு குப்பிகளை நிரப்பிவிட்டேன். மாலையில் அவற்றின் அடியில் காவி படிந்திருந்தது. ஏழையும் கொட்டிவிட்டு மறுநாள் மீண்டும் அலைந்தேன்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. பன்னிரண்டும் 10 மைக்ரோகிராமுக்கு வெகு கீழே. காயலோர அடிபம்பு உட்பட. நம்ப முடியாமல் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். மூடியின் கழுத்தில் லெட் அசிடேட் தோய்த்த பஞ்சு ஒன்று இருக்கும். பொடிக்குத் தப்பி மேலே வரும் ஹைட்ரஜன் சல்பைடை அது பிடித்துக் கறுத்துவிடும், தாளுக்குப் போகவிடாது. என் பஞ்சு முந்தைய சோதனைகளிலேயே முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. இனிப் பிடிக்க இடமில்லாத பஞ்சைத் தாண்டிச் சென்று தாளைக் கறையாக்கியது அந்த முட்டை நாற்றமேதான். புதுப் பஞ்சை வைத்து அந்த வீட்டு முற்றத்திலேயே மறுபடி செய்தேன்: பஞ்சு கறுத்தது, தாள் வெள்ளையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அப்ப இந்தப் பதினோரு நாளும் நான் தெருக் கொழாயிலேர்ந்து கொடம் சொமந்தது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை, சிரித்ததுதான் கூடுதலாகச் சுட்டது.

எல்லா எண்களையும் தங்கை மகனுக்கு அனுப்பினேன். ஆழம், பிஎச், கரைந்த இரும்பு, கேசிங் ஆகியவற்றைக் கொண்டு அளவைத் தாண்டும் வாய்ப்பைச் சொல்லும் லாஜிஸ்டிக் சமன்பாடு ஒன்றைப் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தான். இரவு அழைத்தான். "மாமா, எல்லாக் கெணத்துக்கும் பூஜ்யம்னு போட்டா கணக்கு எதப் பாத்துப் படிக்கும்?" வெறுமனே ஓட்டிப் பார்த்ததில் நிலையான உறுப்பு -26ஐ ஒட்டி வந்து நின்றதாம். அதை வாய்ப்பாக மாற்றினால் லட்சம் கோடிக் கிணறுகளில் ஐந்து என்ற கணக்கு வருகிறது. கணினி பொய் சொல்லவில்லை; கெட்ட கிணறு ஒன்றையும் காட்டாமல் கெட்ட கிணற்றின் அடையாளத்தைக் கேட்டால் அதனால் வேறென்ன செய்ய முடியும்? எல்லாக் கிணறும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன்கூட என் நோட்டுப் புத்தகத்தில் நூற்றுக்கு நூறு வாங்குவான். அந்த நூறுக்கு மதிப்பில்லை.

அவன் சொல்லிக் கொடுத்த இன்னொரு கணக்குதான் எனக்குப் பயன்பட்டது. n மாதிரிகளில் ஒன்றுகூட அளவைத் தாண்டவில்லை என்றால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 3/n வரை இருக்கக்கூடும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 54க்கு அது 5.6 விழுக்காடு. அதாவது நூறு கிணற்றுக்கு ஐந்து கெட்டிருந்தாலும், என் நோட்டுப் புத்தகம் இப்படியே சுத்தமாக வந்திருக்க முடியும். அதற்கும், கிணறுகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நானோ எனக்குத் தெரிந்த வீடுகளுக்குத்தான் போனேன். 54இல் 37 என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். தோவாளைப் பக்கம் மூன்றே மூன்று.

எனவே ஆர்சனிக்கைக் கணிக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு, ஆர்சனிக் கரையக்கூடிய சூழலைக் கணிக்கிறேனா என்று மட்டும் உறைகளைப் பிரித்துச் சரிபார்த்தேன். மண்ணையும் ஆழத்தையும் கேசிங்கையும் வைத்து, திருத்திய முறையில், கரைந்த இரும்பு இருக்கும் என்று 13 கிணறுகளைச் சொல்லியிருந்தேன். கிண்ணச் சோதனையில் 9 சரி, 4 தவறு. நான் சொல்லாமல் விட்டதில் 2 சிவந்தன. இது பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பும் பணம் ஆறு மாதிரிக்கு மட்டுமே இருக்கும்போது எந்த ஆறு என்று தேர்ந்தெடுக்க இது போதும். அடுத்த ஆறில் பிஎச் 8க்கு மேல் உள்ள மூன்று ஆழ்துளைக் கிணறுகளும் தோவாளைப் பக்கத்து மூன்றும் இருக்கின்றன.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் பிஎச் 7.4, கரைந்த இரும்பு இல்லை, ஆய்வக முடிவு கண்டறியும் அளவுக்குக் கீழே. அது நீர்மட்டம் இறங்கிக் கிடந்த பங்குனியில் எடுத்த தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த இரண்டாவது குப்பி, இந்த முறை எடுத்த கையோடு அமிலம் விட்டு, குளிர்பெட்டியில் இருக்கிறது. சோதனைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் "பஞ்சைப் பார்" என்று மனைவி எழுதி ஒட்டியிருக்கிறாள்.